ஒரு துண்டு கேக்கும் அடுத்த இரண்டு நாட்களும்

கேள்வி: எனக்கு வயது 38. ஐந்து மாதங்களுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. "இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமலே சமாளிக்கலாம்" என்றார் டாக்டர். அன்றிலிருந்து டயட்டில் இருக்கிறேன். இனிப்பு, பேக்கரி பண்டம், பொரித்தது எதையும் தொடுவதே இல்லை. ஐந்து கிலோ குறைந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

போன வாரம் அலுவலகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு விழா. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேக் வெட்டினார்கள். இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டு முடித்ததுமே 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு' என்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் ஐஸ்கிரீமும் பெரிய சிப்ஸ் பாக்கெட்டும் வாங்கித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பிஸ்கட் பாக்கெட்டையும் காலி செய்தேன். உறைகளைக் குப்பைக்கூடையின் அடியில் திணித்து, மேலே பழைய பேப்பரைப் போட்டு மூடினேன். மறுநாள் காலையில் எடை 1.8 கிலோ கூடியிருந்தது. அன்று பகல் முழுவதும் தண்ணீரும் காபியும் மட்டும்தான். சாயங்காலம் தாங்க முடியாமல் மறுபடி அதே கதை, முந்தைய நாளைவிட மோசமாக.

டயட் டைரியில் அந்த இரண்டு நாட்களையும் எழுதாமல் விட்டுவிட்டேன். உறுத்தல் தாங்க முடியவில்லை. ஆனால் இந்த உறுத்தல் இருந்தால்தானே மறுபடி தப்பு செய்யாமல் இருப்பேன் என்றும் நினைக்கிறேன். நேற்று ஒரு பிறந்தநாள் விருந்தில் என் ஒன்பது வயது மகள் கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதுதான் என்னை எழுத வைத்தது. அடுத்த மாதம் மறுபடி இரத்தப் பரிசோதனை. போகவே பயமாக இருக்கிறது. எனக்கு மன உறுதியே கிடையாதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து மாதம் பிடித்ததையெல்லாம் தள்ளிவைத்து ஐந்து கிலோ குறைத்தவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன். உங்களுக்கு நடந்தது வேறு விஷயம். உணவு ஆலோசகராக என் அறையில் இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வயதானவர்கள் சொல்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் சொல்கிறார்கள், ஆண்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறார்கள். நிகழ்ச்சிகளின் வரிசைகூட மாறுவதில்லை. முதலில் ஒரு சின்ன மீறல், உடனே 'போச்சு' என்ற எண்ணம், அதன் பிறகு பெரிய மீறல், மறுநாள் பட்டினி, சாயங்காலம் மறுபடியும் மீறல். இவ்வளவு பேருக்கு ஒரே வரிசையில் நடக்கிறது என்றால் அதை ஒருவருடைய குணக்கேடு என்று சொல்ல முடியாது. உடம்பும் மனமும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

அந்த மாலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு துண்டு கேக் என்பது அளவைப் பொறுத்து 300 முதல் 400 கலோரி. அதோடு அன்றைய தினம் முடிந்திருந்தால், உங்கள் ஐந்து மாதக் கணக்கில் அது இருந்த இடமே தெரிந்திருக்காது. ஐஸ்கிரீமையும் சிப்ஸையும் உங்களை வாங்கவைத்தது கேக்கின் ருசியும் இல்லை, பசியும் இல்லை. கடைசி வாய் கேக் உள்ளே போனதும் வந்ததே, 'எல்லாம் போச்சு', அந்த எண்ணம்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன என்பார்களே, அதே மனநிலை. ஆனால் உங்கள் விஷயத்தில் தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. தலைக்கு மேல் போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள்.

இதை ஆராய்ச்சியாளர்கள் வெகு காலமாகக் கவனித்து வருகிறார்கள். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு மில்க் ஷேக் எதுவும் கொடுக்கவில்லை, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இரண்டு. அதன் பிறகு ஐஸ்கிரீம் கிண்ணங்களை வைத்து, ருசி பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக யோசிக்காத பெண்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்திருக்கிறதே, அது இயல்பு. எப்போதும் உணவைக் கட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும் பெண்கள் நேர்மாறாக நடந்துகொண்டார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள்தான் அதிக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது, இனி இன்றைக்குக் காப்பாற்ற ஒன்றும் இல்லை என்று மனம் கணக்கை மூடிவிட்டது.

அடுத்த ஆண்டு ஜேனட் பாலிவி என்ற உளவியலாளர் இன்னொரு உண்மையைக் கண்டார். முன்கூட்டிக் கொடுத்த உணவில் உண்மையில் எத்தனை கலோரி இருந்தது என்பது இங்கே முக்கியமில்லை; அதில் கலோரி அதிகம் என்று நம்பினாலே போதும், டயட்டில் இருப்பவர்கள் அடுத்ததாக அதிகம் சாப்பிட்டார்கள். உங்கள் கடிதத்தோடு இதைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கேக்கைவிட, 'நான் விதியை உடைத்துவிட்டேன்' என்ற தீர்ப்புதான் அந்த மாலையை நடத்தியிருக்கிறது.

இப்போது அந்த 1.8 கிலோ. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் மறுநாள் பட்டினிக்கு உங்களைத் தள்ளியது எடைமேடையில் தெரிந்த அந்த எண்தான்.

உடல் கொழுப்பு ஒரு கிலோ என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அன்று நீங்கள் சாப்பிட்ட எல்லாவற்றையும் தாராளமாகக் கணக்குப் போட்டு, வழக்கத்தைவிட 2,000 கலோரி கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். அது முழுவதும் கொழுப்பாக மாறினாலும் கால் கிலோதான் வரும். மீதி ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது? தண்ணீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம் சாப்பிடும்போது, உடம்பு அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்துவைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். டயட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சேமிப்பு பாதி காலியாக இருப்பதால் நிரம்பும்போது எடை சட்டென்று ஏறும். சிப்ஸின் உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். போதாததற்கு, இரவு சாப்பிட்ட பிஸ்கட் இன்னும் குடலில்தான் இருக்கிறது. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டு மூன்று நாட்களில் இதில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். விருந்துக்கு மறுநாள் காலையில் எடைமேடையில் ஏறாதீர்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும்.

சரி, மறுநாளுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கேக் சாப்பிட்ட மாலை இல்லை, அதற்கு அடுத்த பகல்தான். காலையில் காபி, மதியம் காபி, தலைவலி, எரிச்சல், கையில் நடுக்கம், சாயங்காலம் அலமாரியைத் திறந்தால் கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்குள். அந்த நேரத்தில் உங்கள் மன உறுதி எங்கே போனது என்று கேட்கிறீர்கள். பத்து மணி நேரத்துக்கும் மேலாகச் சாப்பாடு இல்லாத ஒரு உடம்பு, உடனே சக்தி தரும் எதையாவது கொண்டுவா என்று உத்தரவு போடுகிறது. அதை எதிர்த்து நிற்க முடியாமல் போனதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பட்டினி மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த தன்னார்வலர்கள் அவர்கள். ஆறு மாதம் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரிதான் கொடுக்கப்பட்டது. கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சு, படிப்பு, கனவு எல்லாமே சாப்பாடாகிவிட்டது. அதற்கு முன் சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். சிலர் விதியை மீறி ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டு, பிறகு தங்களையே வெறுத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடு நீங்கிய பிறகும் பலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் திருப்தி வரவில்லை. உங்கள் ஒரு நாள் பட்டினியையும் அந்த ஆறு மாதத்தையும் ஒன்றாகச் சொல்லவரவில்லை. ஆனால் திசை ஒன்றுதான். மன உறுதியைச் சோதித்துத் தேர்ந்தெடுத்த ஆண்களே பசியிடம் தோற்றார்கள் என்றால், அலுவலகம், வீடு, குழந்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வெறும் காபியில் ஓடிய உங்களிடம் நான் வேறு எதை எதிர்பார்ப்பேன்?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் சில வகை மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால், நேற்று அதிகம் சாப்பிட்டதற்குப் பரிகாரமாக இன்று பட்டினி கிடப்பது ஆபத்து. சர்க்கரை திடீரென்று கீழே இறங்கி மயக்கம்வரை போகலாம். பட்டினி இருப்பது பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இனி உங்கள் பெரிய கேள்வி. உறுத்தல் இருந்தால்தானே மறுபடி செய்யாமல் இருப்பேன்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. குழந்தையிலிருந்து அப்படித்தான் வளர்க்கப்பட்டிருக்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் இது சரியாக வேலை செய்வதில்லை.

2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. க்ளேர் ஆடம்ஸ், மார்க் லியரி இருவரும் செய்தது. பெண்களுக்கு ஆளுக்கொரு டோனட் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். அதன் பிறகு ஒரு பிரிவினரிடம் மட்டும் ஆய்வு நடத்துபவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: இதைச் சாப்பிட்டதற்காகச் சிலர் வருத்தப்படுகிறார்கள், உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள், எல்லோரும் எப்போதாவது இப்படிச் சாப்பிடுவதுதான். இன்னொரு பிரிவினரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து எல்லோர் முன்னாலும் மிட்டாய்க் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. டயட் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த பெண்களில், அந்த ஆறுதல் வார்த்தையைக் கேட்டவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள். கேட்காதவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். உறுத்தலை விட்டுவிட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அங்கே நடந்தது அதற்கு நேர் எதிர்.

2014-இல் நியூசிலாந்தில் கைஜர், பாய்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சாக்லேட் கேக் என்றதும் மனதில் வருவது குற்றவுணர்வா, கொண்டாட்டமா என்று மக்களிடம் கேட்டார்கள். குற்றவுணர்வு என்று சொன்னவர்களுக்கு ஆரோக்கியமாகச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இல்லை. தங்கள் சாப்பாடு தங்கள் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது எடையைக் காப்பாற்றிக்கொள்வதிலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். குற்றவுணர்வுதான் இதற்கெல்லாம் காரணம் என்று இந்த ஓர் ஆய்வை வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. எடையோடு ஏற்கெனவே போராடுபவர்களுக்குத்தான் குற்றவுணர்வு அதிகம் வருகிறதோ என்னவோ. ஆனால் உறுத்தல் அவர்களைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் தெளிவு.

உங்கள் வீட்டிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. உறுத்தல் உங்களை என்னென்ன செய்யவைத்தது என்று பாருங்கள். உறைகளைக் குப்பைக்கூடையின் அடியில் ஒளிக்கவைத்தது. டைரியில் இரண்டு பக்கங்களைக் காலியாக விடவைத்தது. மறுநாள் பட்டினி போட்டது. இப்போது இரத்தப் பரிசோதனைக்கே போகாமல் இருக்கலாமா என்று யோசிக்கவைக்கிறது. இதில் ஒன்றாவது உங்கள் சர்க்கரையைக் குறைக்குமா? ஒரு நிமிடம் 'அடடா, இது வேண்டியிருக்கவில்லையே' என்று மனதில் சுருக்கென்று படுவதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு உங்கள் உடம்பின் மேல் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சுருக்கை வைத்துக்கொண்டு, எப்படி நடந்தது என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிட வேண்டும். இரவெல்லாம் உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் வருவதே இல்லை.

பதிலை நாம் சேர்ந்து தேடிப் பார்ப்போம். என்னிடம் வருபவர்கள் பலரும் நன்றாக இருந்த நாட்களை மட்டும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். காலிப் பக்கம் வந்ததும் சட்டென்று புரட்டிவிடுவார்கள். எனக்கு வேண்டியதோ அந்தக் காலிப் பக்கம்தான். உங்கள் டைரியில் விட்ட இரண்டு நாட்களையும் இன்றே நினைவிலிருந்து எழுதுங்கள். எழுதும்போது 'மோசம்', 'கேவலம்' மாதிரி எந்தச் சொல்லும் வேண்டாம். மணி என்ன, கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தீர்கள், பசி எவ்வளவு இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டீர்கள், அவ்வளவுதான்.

எழுதினால் கடிதத்தில் இல்லாத சிலது தெரியவரும். கேக் வெட்டியது மாலை ஐந்து மணிக்கு. மதிய உணவு எப்போது? பன்னிரண்டரைக்கு முடித்திருந்தால் நான்கரை மணி நேர இடைவெளி. டயட்டில் இருப்பவர்கள் மதிய உணவையும் சுருக்கிக்கொள்வது வழக்கம். பசித்த வயிற்றோடு ஒருவர் கேக்குக்கு மூன்று முறை வேண்டாம் சொல்வது கடினம். அன்று நீங்கள் நாலு மணிக்கு ஒரு பழமும் கொஞ்சம் பருப்பு வகையோ தயிரோ சாப்பிட்டிருந்தால், அப்போதும் கேக் சாப்பிட்டிருப்பீர்கள். சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வழியனுப்பிய அந்த மனிதர் உங்களுக்கு வேண்டியவரா என்பதும் எனக்குத் தெரியாது. பிரிவு, அசதி, வீட்டுச் சண்டை எல்லாமே அந்தக் காலிப் பக்கத்தில் இருக்கக்கூடும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் மாற்றம், சாப்பாட்டு நேரம். அளவுக்கு மீறிச் சாப்பிடும் பிரச்சினைக்கான சிகிச்சையில் பெயர்பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த முறையில், எதைச் சாப்பிட வேண்டும் என்பதைத் தொடுவதற்கு முன்பே எப்போது சாப்பிட வேண்டும் என்பதைத்தான் சரிசெய்வார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிறு தீனி, விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. நேற்று எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் இன்றைய காலை உணவு வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவில். பசி இல்லை என்றால் கொஞ்சம் குறைவாக. ஆனால் தவிர்க்கக் கூடாது. கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடுவதும் வேண்டாம். தினமும் நடப்பவர் என்றால் அதே நடை போதும்.

மீறல் நடந்த அந்த நொடிக்கும் இதே விதிதான். கேக் தட்டைக் கீழே வைத்ததும் மனம் 'போச்சு' என்று சொல்லும். சொல்லட்டும். 'கேக் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது, ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு' என்று நீங்கள் பதில் சொல்லுங்கள். திங்கட்கிழமையிலிருந்து, ஒன்றாம் தேதியிலிருந்து என்று புதிதாகத் தொடங்க எதுவும் இல்லை. இதைக் கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை, நீண்ட காலம் எடையைக் காப்பாற்றியவர்களிடம் பொதுவாக இருக்கும் பழக்கம் இதுதான்: அவர்களும் சறுக்குகிறார்கள், அடுத்த வேளைக்குள் எழுந்துவிடுகிறார்கள்.

ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, ஒரு புதிய பழக்கம் இயல்பாகப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். 2010-இல் அச்சான அந்த ஆய்வில் இடைநிலை அளவு, அதாவது எல்லோரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவரின் அளவு, 66 நாட்கள். ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள்வரை வித்தியாசப்பட்டது. நமக்கு இதில் முக்கியமானது வேறு. இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களுடையதோ 150 நாட்களில் இரண்டு நாள்.

இரண்டாவது மாற்றம், திட்டத்திலேயே செய்ய வேண்டியது. 'எதையும் தொடுவதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாதிரி விதியை நான் யாருக்கும் எழுதிக்கொடுப்பதில்லை. அலர்ஜியோ வேறு மருத்துவக் காரணமோ இருந்தால் தவிர, ஒரு துண்டில் உடைந்துபோகும் விதி நம் வாழ்க்கைக்கு ஒத்துவராது. பிறந்தநாள் வரும், கல்யாணம் வரும், வழியனுப்பு விழா வரும். உங்கள் ஆலோசகரிடம் போய், வாரத்தில் ஒன்றிரண்டு முறை பிடித்த இனிப்பைச் சிறிய அளவில், சாப்பாட்டுக்குப் பின், மற்றவர்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்படி திட்டத்தை மாற்றித்தரச் சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் என்பதை வேண்டுமென்றே சொல்கிறேன். மூடிய கதவுக்குப் பின்னால் சாப்பிடும்போது அளவும் தெரியாது, ருசியும் தெரியாது. அப்புறம் அந்தக் குப்பைக்கூடை. ஒளிப்பதை நிறுத்துங்கள். சாப்பிட்ட உறை மேலேயே கிடக்கட்டும். வீட்டில் யாராவது கேட்டால், 'ஆமாம், சாப்பிட்டேன்' என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

இவ்வளவு தளர்த்தினால் சர்க்கரை ஏறிவிடாதா என்று உங்களுக்குத் தோன்றும். அமெரிக்காவில் 3,000 பேருக்கும் மேல் கலந்துகொண்ட, 2002-இல் முடிவு வெளியான, சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வைச் சொல்கிறேன். எல்லோருமே உங்களைப் போல சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள். ஒரு பிரிவினருக்கு உணவு மாற்றமும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, எடையில் 7 சதவீதம் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இந்த எண் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, முதல் ஆறு மாதத்தில் அந்த இலக்கைத் தொட்டவர்கள் பாதிப்பேர்தான் என்பதும், சராசரியாகக் குறைந்த எடை 5.6 கிலோதான் என்பதும். நீங்கள் ஏற்கெனவே ஐந்து கிலோ குறைத்திருக்கிறீர்கள். இலக்கைத் தொடாதவர்களும் சறுக்கியவர்களும் சேர்ந்துதான் அந்த நல்ல முடிவைக் கொண்டுவந்தார்கள்.

மகளைப் பற்றி எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். ஒன்பது வயதில் குழந்தைகள் நம் அறிவுரையைவிட நம் முகத்தைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். தட்டைப் பார்த்து நாம் சுளிப்பது, கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்ப்பது, 'இன்றைக்கு அம்மா தப்பு பண்ணிட்டேன்' என்பது, எல்லாம் அவளுக்குப் பாடம். ஆனால் இது இன்னும் சரிசெய்யக்கூடிய நேரம்தான், பதற வேண்டாம். அவளை உட்காரவைத்துப் பெரிய உரை நிகழ்த்தவும் வேண்டாம். சாதாரணமாக ஒரு நாள், 'அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் அதிகமாக இருப்பதால் டாக்டர் சொன்னபடி சாப்பிடுகிறேன். அது அம்மாவுக்கு மட்டும். கேக் சாப்பிடுவது தப்பு இல்லை, உனக்குப் பிடித்தால் சாப்பிடலாம்' என்று சொல்லுங்கள். அடுத்த விருந்தில் நீங்களும் அவளும் ஒரு துண்டைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடும்போது வேறு ஏதாவது பேசுங்கள். எத்தனை கலோரி என்ற பேச்சு அவள் காதில் விழும்படி வீட்டில் இனி வேண்டாம். அவளும் தானாகவே உணவைக் குறைக்க ஆரம்பித்தாலோ, 'நான் குண்டா?' என்று அடிக்கடி கேட்டாலோ குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

உங்களிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இந்த இரண்டு நாள் மாதிரி முன்பும் நடந்திருக்கிறதா? நிறுத்த வேண்டும் என்று நினைத்தும் நிறுத்த முடியாமல், வேகவேகமாக, பசியில்லாமல், வயிறு வலிக்கும்வரை, யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக நடந்துகொண்டிருந்தால், அது டயட் மீறல் என்ற கணக்கில் வராது. அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன. சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது ஆகியவை ஒருமுறை தலைகாட்டினாலும் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ உடனே போக வேண்டும். சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒளிக்கும் பழக்கம் தொடங்கியிருப்பதால் கேட்காமல் விட மனமில்லை.

அடுத்த மாதப் பரிசோதனைக்குக் குறித்த தேதியில் போய்விடுங்கள். நல்ல எண் வரட்டும் என்று இரண்டு மாதம் தள்ளிப்போடுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைத்தான் சொல்லும். இரண்டு நாள் சாப்பிட்ட கேக்கும் ஐஸ்கிரீமும் அந்தச் சராசரியை அசைக்காது. முந்தைய நாள் பட்டினி கிடந்தால் அது குறையவும் குறையாது. கூடவே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்ப்பார்கள் என்றால், அவர்கள் சொன்ன நேரம் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் போதும். போகும்போது டைரியை எடுத்துக்கொண்டு போங்கள், நிரப்பிய அந்த இரண்டு பக்கங்களோடு. டாக்டரிடமும் ஆலோசகரிடமும் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் காட்டுங்கள். காலைச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போனால், இரத்தம் கொடுத்த உடனே அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம்.